காசுக்கு ஆடியவர்கள் – 4: சூறாவளிக்கு ஒரு சர்க்கார் நாற்காலி

சென்ற அத்தியாயத்தில் ஹூட்டன் ஊரைப் பார்த்தோம். மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், செம்பு தோண்டிப் பிழைத்த ஊர். பல் மருத்துவர் ஜாக் கிப்சன் 1904-ல் அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக ஐந்து அணிகளைச் சேர்த்து, ஆட்டக்காரர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சம்பளம் கொடுக்கும் முதல் ஹாக்கி லீகுக்கு அங்கே அடிபோட்டார். மூன்றே குளிர்காலம் ஓடிய லீக் அது. அங்கே வந்து காசு பார்த்துப் பழகிய ஆட்களில் ஒருவர் மட்டும் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் கனடாவின் ஹாக்கி முதலாளிகள் அத்தனை பேரையும் தன் பின்னால் அலைய வைத்தார். பெயர் ஃப்ரெட் டெய்லர். ‘சைக்ளோன்’ டெய்லர் என்று சொன்னால்தான் அங்கே பழைய ஆட்களுக்குப் புரியும்.

1884 ஜூனில், ஒன்டாரியோ மாகாணத்தில் டாரா என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா விவசாயக் கருவிகளை ஊர் ஊராகப் போய் விற்றவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், வருமானம் மட்டு. ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஜாக் ரிக்ஸ் வேகச் சறுக்கலில் பேர்போனவர். உறைந்த குளத்தில் அந்தச் சிறுவனுக்கு ஸ்கேட் கட்டிச் சறுக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். குடும்பம் பிறகு லிஸ்டோவலுக்குக் குடிபெயர்ந்தது. பையன் பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அங்கிருந்த பியானோ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். மாலையில் லிஸ்டோவல் மின்டோஸ் அணிக்கு ஹாக்கி. குடி கிடையாது, புகை கிடையாது.

அன்றைய ஐஸ் ஹாக்கி இன்று நாம் டிவியில் பார்க்கும் ஆட்டம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதி. இறங்கிய ஏழு பேரும் கடைசிவரை நிற்க வேண்டும். மாற்று ஆள் என்பது அபூர்வம். எல்லாவற்றையும்விட முக்கியம், பக் என்கிற அந்த ரப்பர் வட்டை முன்னால் நிற்கும் சகாவுக்குத் தள்ளிவிட முடியாது. பக்கவாட்டில் தரலாம், பின்னால் தரலாம், முன்னே கொண்டுபோக வேண்டுமென்றால் சுமப்பவனே சுமந்து போக வேண்டும். ஆகவே, மட்டையின் நுனியில் வட்டை வைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்தைப் பிளந்து ஓடத் தெரிந்த ஒருவன் கிடைத்தால், அவன் ஒருவனே பாதி அணி. டெய்லரின் கால் வேகம் பணமாக மாறியதற்கு இந்த விதிதான் காரணம்.

முதல் மோதல் அவருக்கு இருபது வயதில் வந்தது. ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் அமெச்சூர் விரதத்தைக் கற்பைப் போலக் காத்துவந்த அமைப்பு. எந்த விளையாட்டிலாவது ஒரு காசு கைநீட்டி வாங்கியவன் என்று தெரிந்தால் போதும், வெளியே. அதன் செயலாளர் டபிள்யூ. ஏ. ஹியூவிட் டொரன்டோ ஸ்டார் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியரும்கூட. சட்டத்தைப் போடுவதும் அவர், அதைப் பற்றி எழுதுவதும் அவர். 1904-05 சீசனுக்கு டொரன்டோ மார்ல்பரோஸ் அணிக்கு வந்து ஆடும்படி டெய்லருக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டையும் வேலையையும் விட்டு வர மனமில்லை என்றார் டெய்லர். அப்படியானால் ஒன்டாரியோவில் நீ எங்கேயும் ஆட முடியாது என்றார் ஹியூவிட். சொன்னபடியே செய்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் டெய்லர் மட்டையைத் தொடவில்லை.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். சங்கம் அவருக்கு ஒரு செப்புக் காசு தரவில்லை. தரவும் கூடாது என்பதுதான் அதன் கொள்கை. ஆனால் அவர் எந்த ஊரில், எந்த அணிக்கு ஆட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் தனக்கு உண்டு என்று நினைத்தது. கூலி கொடுக்காத எஜமானன். தொழில்முறை ஆட்டம் ஏன் பிறந்தது என்று விளக்கப் பொருளாதார நூல்கள் எதையும் புரட்ட வேண்டாம், இந்த ஒரு குளிர்காலமே போதும்.

அடுத்த ஆண்டு அவர் சங்கத்தின் கை எட்டாத மேற்கே, மானிடோபாவின் போர்டேஜ் லா ப்ரெய்ரிக்கு ரயில் ஏறினார். அங்கே சில ஆட்டங்கள் ஆடுவதற்குள் ஹூட்டனிலிருந்து ஆள் வந்துவிட்டது. சீசனில் மிச்சமிருந்த நாட்களுக்கு 400 டாலர், செலவு தனி. 1906, 1907 இரண்டு ஆண்டும் ஹூட்டனின் போர்டேஜ் லேக்ஸ் அணி லீகை வென்றது. 1907-ல் செம்புக்கும் வங்கிகளுக்கும் சோதனைக் காலம் வந்தது. அதோடு கனடாவின் கிழக்கத்திய அணிகளும் முந்தைய குளிர்காலத்திலிருந்தே வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்தன. கிப்சனின் லீக் கலைந்தது. ஆட்கள் வீடு திரும்பினார்கள்.

டெய்லரை ஆட்டவா அணி பிடித்துக்கொண்டது. பிடித்த விதம்தான் சுவாரசியம். சீசனுக்கு 500 டாலர் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்துறையின் குடியேற்றப் பிரிவில் குமாஸ்தா வேலை. தலைநகரத்து அணிக்குத்தான் இப்படி ஒரு தூண்டில் சாத்தியம். டெய்லர் கவ்வியது இரண்டாவதைத்தான் என்பது என் கணிப்பு. ஹாக்கி அணிகள் அன்று மழைக்காலக் காளான். காலையில் முளைத்து மாலையில் வாடும். சர்க்கார் உத்தியோகம் அப்படியல்ல. இந்த உண்மையை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1908 ஜனவரி 11. ஆட்டவாவின் புதிய பனி அரங்கில் மான்ட்ரியல் வாண்டரர்ஸோடு ஆட்டம். ஆட்டவா 12-2 என்று நொறுக்கியது. தடுப்பாட்டக்காரர் இடத்தில் நின்றிருந்த டெய்லர், அங்கிருந்து வட்டை எடுத்துக்கொண்டு மறுகோடி வரை ஓடி ஓடிக் கோல் போட்டார். தடுக்க வேண்டியவன் தாக்கப் போவது அன்றைக்குப் புதுமை. பார்வையாளர் வரிசையில் கனடாவின் கவர்னர் ஜெனரல் கிரே பிரபு இருந்தார். அவர் வாயிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற சொல் விழுந்ததாகவும், பக்கத்திலிருந்த நிருபர் அதைப் பிடித்துக்கொண்டதாகவும் கதை. பிரபு சொன்னாரோ, நிருபரே சொல்லிப் பிரபுவின் கணக்கில் எழுதினாரோ, பெயர் ஒட்டிக்கொண்டது. 1909-ல் ஆட்டவா கனடிய ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

அதே குடியேற்ற அலுவலகத்தில் தெர்சா குக் என்ற பெண் வேலை பார்த்தார். காதல் உடனே வந்துவிட்டது, கல்யாணம் வரவில்லை. கையில் 10,000 டாலர் சேமிப்பு சேர்ந்த பிறகே என்று டெய்லர் வைராக்கியமாக இருந்தார். குமாஸ்தா சம்பளத்தில் அதைச் சேர்க்க ஆயுள் போதாது. அந்தச் சமயத்தில்தான் ரென்ஃப்ரூ வந்தது.

ரென்ஃப்ரூ ஆட்டவாவுக்கு மேற்கே, பால்பண்ணைகளும் மரம் அறுக்கும் ஆலைகளும் உள்ள சின்ன ஊர். அந்த ஊரின் எம். ஜே. ஓ’பிரையன் ரயில் பாதை ஒப்பந்தங்களிலும் கோபால்ட் வெள்ளிச் சுரங்கத்திலும் கோடீஸ்வரர் ஆனவர். அவர் மகன் ஆம்ப்ரோஸுக்கு ஒரே ஆசை, ஸ்டான்லி கோப்பை தன் ஊருக்கு வர வேண்டும். 1909 குளிர்காலத் தொடக்கத்தில் மான்ட்ரியலின் விண்ட்சர் ஹோட்டலில் பெரிய அணிகள் கூடி லீக் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றார். பட்டிக்காட்டான் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே ஹோட்டலில், அதே போலத் தள்ளிவிடப்பட்ட வாண்டரர்ஸ்காரர் ஜிம்மி கார்டனரோடு உட்கார்ந்து போட்டிக்கு ஒரு லீகையே உண்டாக்கிவிட்டார். தேசிய ஹாக்கி சங்கம் என்ற அந்த லீகுக்காக அவர் காசு போட்டு நிறுத்திய அணிகளில் ஒன்றுதான் மான்ட்ரியல் கனேடியன்ஸ். இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ரென்ஃப்ரூ அணிக்கு ஊர் வைத்த பெயர் ‘கிரீமரி கிங்ஸ்’. பத்திரிகைகள் வைத்தது ‘மில்லியனர்ஸ்’. லெஸ்டர் பாட்ரிக்குக்கு 3,000 டாலர், தம்பி ஃப்ராங்குக்கு 2,000. டெய்லருக்கு 5,250. பன்னிரண்டு ஆட்டத்துக்கு. வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்கு 437 டாலருக்கு மேல். நான்கு வருடம் முன்பு ஹூட்டனில் மிச்ச சீசன் முழுவதற்கும் வாங்கியதைவிட, ரென்ஃப்ரூவின் ஒரு மாலைக்கு அதிகம்.

ஆட்டவா ரசிகர்கள் இதை மன்னிக்கவில்லை. 1910 பிப்ரவரி 12 அன்று ரென்ஃப்ரூ அணி ஆட்டவாவுக்கு ஆட வந்தபோது, அதற்குள் ஊரெல்லாம் ஒரு பந்தயப் பேச்சு பரவியிருந்தது. பழைய சகா, ஆட்டவாவின் கோல்கீப்பர் பெர்சி லெஸ்யூரைப் பார்த்து, உன் கோலில் நான் பின்பக்கமாகச் சறுக்கி வந்தே ஒரு கோல் போடுகிறேன் என்று டெய்லர் சவால் விட்டாராம். அன்று கோல் விழவில்லை. எலுமிச்சையும் பாட்டிலும் பறந்து வந்து விழுந்ததுதான் மிச்சம். ஆட்டவா 8-5. மார்ச் 8 அன்று ஆட்டவா பதில் ஆட்டத்துக்கு ரென்ஃப்ரூ வந்தது. ரென்ஃப்ரூ 17-2.

அந்தப் பதினேழில் ஒன்றுதான் புகழ்பெற்ற ‘பின்னோக்கிய கோல்’. கனடாவில் இதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாய்ச்சண்டை. அரங்கின் முழு நீளத்தையும் முதுகு காட்டியே கடந்தார் என்பது தாத்தாக்கள் சொல்வது. உள்ளூர்ப் பத்திரிகை மறுவாரம் எழுதியது வேறு மாதிரி: வழக்கம்போல் வேகமாக இறங்கியவர், கோலுக்கு அருகே திரும்பி, கொஞ்ச தூரம் பின்பக்கமாகச் சறுக்கி, வட்டை உள்ளே அனுப்பினார். எனக்குப் பத்திரிகையே போதுமானதாகப் படுகிறது. பதினேழு கோல் விழுந்த நாளில், தோற்று ஓய்ந்த தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே செய்யக்கூடிய குறும்பு அது. டெய்லரோ, கேட்டவரைப் பொறுத்து ஆமாம் என்றும் சொல்வார், இல்லை என்றும் சொல்வார். விளம்பரத்தின் அருமை தெரிந்தவர்.

ஓ’பிரையனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. வாண்டரர்ஸ் கொண்டுபோனது. அத்தனை அணிகளும் நஷ்டத்தில் விழுந்து எழுந்தன. முதலாளிகள் கூடி அடுத்த சீசனுக்கு ஒரு விதி போட்டார்கள்: ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கும் சம்பளம் 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. அதாவது முந்தைய ஆண்டு டெய்லர் ஒருவர் வாங்கியதைவிட 250 குறைவாக, ஒரு முழு அணிக்கே. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், போட்டி லீக் தொடங்குவோம் என்று மிரட்டினார்கள். ஆட அரங்கு வேண்டுமே. அரங்குகள் முதலாளிகள் கையில். அடங்கிப் போனார்கள்.

1911-ல் ரென்ஃப்ரூ கடையைக் கட்டியது. அதன் ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. டெய்லர் வாண்டரர்ஸ் பங்கில் விழுந்தார். அவருக்கோ ஆட்டவா வேண்டும். வேலை அங்கே, தெர்சா அங்கே. வாண்டரர்ஸ் விட்டுத்தர மறுத்தது. டெய்லர் ஆட மறுத்தார். ஆட்டவா பொறுக்க மாட்டாமல் வாண்டரர்ஸுக்கு எதிராகவே ஓர் ஆட்டத்தில் அவரை இறக்கிவிட, அந்த ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்று லீக் உத்தரவிட்டது. மற்றபடி சீசன் முழுவதும் அவர் காலையில் அலுவலகம் போய் மாலையில் வீடு திரும்பினார்.

வேறு எந்த ஆட்டக்காரராலும் இது முடிந்திருக்காது. மற்றவர்கள் ஒரு குளிர்காலம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. டெய்லருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஹியூவிட்டிடம் மறுத்தபோது அவர் கையில் ஒன்றுமில்லை, ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. வாண்டரர்ஸிடம் மறுத்தபோது ஒரு நாற்காலி இருந்தது. தொழில்முறை ஹாக்கியின் முதல் பெரிய நட்சத்திரம் முதலாளிகளிடம் நிமிர்ந்து நின்றது ஹாக்கி தந்த பணத்தால் அல்ல, குமாஸ்தா வேலையால். பாடப்புத்தகக் கதைகளில் இது வருவதே இல்லை.

பாட்ரிக் சகோதரர்கள் இதற்குள் மேற்குக் கடற்கரையில் இருந்தார்கள். அப்பாவின் மர வியாபாரத்தை விற்ற பணத்தில் விக்டோரியாவிலும் வான்கூவரிலும் கனடாவின் முதல் செயற்கைப் பனி அரங்குகளைக் கட்டி, சொந்த லீக் நடத்தினார்கள். வான்கூவரின் டென்மன் அரங்கில் 10,500 இருக்கை. அந்த இருக்கைகளை நிரப்ப ஒரு பெயர் வேண்டும். 1912-ல் டெய்லர் வான்கூவர் மில்லியனர்ஸுக்கு வந்தார். அரசாங்க நாற்காலியும் கூடவே வந்தது. வான்கூவர் துறைமுகத்துக் குடியேற்ற அலுவலகத்துக்கு மாற்றல். சேமிப்பும் ஒருவழியாகச் சேர்ந்து, 1914 மார்ச்சில் தெர்சாவைக் கைப்பிடித்தார்.

இரண்டே மாதத்தில், மே 23 அன்று, அந்தத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து நின்றது. கோமகதா மாரு.

நம் வாசகர்களுக்கு இந்தக் கப்பலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த ஜப்பானியக் கப்பல். அதில் வந்த பஞ்சாபியர் 376 பேர். பெரும்பாலோர் சீக்கியர், மற்றவர் முஸ்லிம்களும் இந்துக்களும். எல்லோரும் பிரிட்டிஷ் குடிகள். பிறந்த நாட்டிலிருந்து வழியில் நிற்காமல், ஒரே பயணச்சீட்டில் வந்தால்தான் இறங்கலாம் என்பது 1908-லிருந்து கனடாவின் விதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலே ஓடவில்லை. விதியில் இந்தியா என்ற பேச்சே இருக்காது, ஆனால் இந்தியன் ஒருவனும் இறங்க முடியாது. அதற்கு மேல் ஆளுக்கு 200 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும்.

அந்தக் கப்பலில் முதலில் ஏறிய கனடியக் குடியேற்ற அதிகாரி ஃப்ரெட் டெய்லர்.

இரண்டு மாதம் கப்பல் நங்கூரத்திலேயே கிடந்தது. தண்ணீருக்கும் சோற்றுக்கும் பயணிகள் போராட வேண்டியிருந்தது. ஜூலை 19 அன்று போலீஸையும் குடியேற்றத் துறை ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ‘சீ லயன்’ என்ற இழுவைப் படகு நெருங்கியபோது, பயணிகள் நிலக்கரியையும் செங்கல்லையும் வீசி விரட்டினார்கள். பிறகு ‘ரெயின்போ’ என்ற போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏற்கெனவே கனடாவில் குடியிருந்து திரும்பி வந்த ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் ஜூலை 23-ல் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. இருபது பேரளவில் செத்தார்கள். அக்டோபரில் வான்கூவர் நீதிமன்றத்திலேயே குடியேற்றத் துறை அதிகாரி ஹாப்கின்சனை உள்ளூர்ச் சீக்கியர் மேவா சிங் சுட்டுக் கொன்றார். 1915 ஜனவரி 11 அன்று மேவா சிங்கைத் தூக்கிலிட்டார்கள்.

ஹாக்கி வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கோமகதா மாருவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு டெய்லர் ஒரு கீழ்நிலை அதிகாரி, பெயர்கூட வேண்டியதில்லை. உத்தரவுகள் மேலிருந்து வந்தவை, டெய்லர் அதை உருவாக்கியவர் அல்லர் என்பது உண்மைதான். இருந்தாலும், நீ இந்த ஊரில் ஆடக் கூடாது, அந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னவர்களை இரண்டு முறை எதிர்த்து நின்ற மனிதர், நீங்கள் இங்கே இறங்கக் கூடாது என்று சொல்லும் அலுவலகத்தின் முகமாக அந்த ஏணியில் ஏறினார். தன்னைக் காப்பாற்றிய நாற்காலி எதற்காகப் போடப்பட்டது என்பது அவருக்கு அன்று தெரிந்திருக்கும்.

மேவா சிங்கைத் தூக்கிலிட்ட அதே குளிர்காலம்தான் டெய்லரின் பொற்காலம். 16 ஆட்டங்களில் 45 புள்ளிகள். பாட்ரிக்குகள் பனித்தளத்தை நீலக்கோடுகளால் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியில் மட்டும் முன்னோக்கி வட்டைத் தள்ளலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள். தனி ஓட்டத்தில் பேர் வாங்கியவர் முப்பது வயதில் கூட்டாட்டமும் கற்றுக்கொண்டார். கோல் போடுவதோடு போட வைப்பதிலும் முன்னால் நின்றார். 1915 மார்ச்சில் ஸ்டான்லி கோப்பைக்காகக் கிழக்கிலிருந்து வந்த அணி எது தெரியுமா? ஆட்டவா. 6-2, 8-3, 12-3 என்று மூன்று ஆட்டத்தில் கதை முடிந்தது. மேற்குக் கடற்கரை அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை.

1918-ல் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. அந்த சீசனில் டெய்லர் 18 ஆட்டங்களில் 32 கோல் போட்டிருந்தார், 33 வயதில். இறுதிப் போட்டி டொரன்டோவில், ஐந்து ஆட்டம். கிழக்கில் அதற்குள் ஆறு பேர் ஆட்டம் வந்துவிட்டது, மேற்கில் இன்னும் ஏழு பேர். ஆகவே ஒரு நாள் கிழக்கு விதி, ஒரு நாள் மேற்கு விதி என்று மாற்றி மாற்றி ஆடினார்கள். கிழக்கு விதியில் நடந்த மூன்றையும் டொரன்டோ வென்றது, மேற்கு விதியில் நடந்த இரண்டையும் வான்கூவர் வென்றது. டெய்லர் ஐந்து ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டார், கோப்பை டொரன்டோவுக்குப் போனது. விதிப் புத்தகம்தான் அந்த ஆண்டு சாம்பியனைத் தேர்ந்தெடுத்தது என்று சொன்னால் டொரன்டோக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

1921-ல் ஓய்வு. அதன்பின் ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் தலைகாட்டினார். நாற்காலியை விடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூகானுக்கும் குடியேற்ற ஆணையர் ஆகும்வரை அதிலேயே ஏறினார். 1946-ல் ஓ.பி.ஈ. விருது கொடுத்தார்கள், குடியேற்றத் துறைச் சேவைக்கு, ஹாக்கிக்கு அல்ல. ஹாக்கி புகழ்மன்றத்தில் அவர் பெயர் ஏறியது அதற்கடுத்த ஆண்டு. 1961-ல் டொரன்டோவில் திறந்த புகழ்மன்றக் கட்டடத்துக்கு முதல் மண்ணை வெட்டியது அவர்தான். 1952-ல் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார். 1979 ஜூன் 9 அன்று வான்கூவரில், 95-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது இறந்தார்.

வான்கூவர் கனக்ஸ் அணி ஆண்டுதோறும் தன் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பைக்கு சைக்ளோன் டெய்லர் என்றுதான் பெயர். கோமகதா மாருவுக்காகக் கனடியப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டது 2016 மே 18-ல். கனக்ஸ் 1982, 1994, 2011 என மூன்று முறை இறுதிவரை போய்த் தோற்றது. வான்கூவர் வென்ற ஒரே ஸ்டான்லி கோப்பை இன்றைக்கும் 1915-ல் டெய்லரின் அணி வென்றதுதான்.

அடுத்த அத்தியாயத்தில், மர வியாபாரத்தை விற்றுப் பனி அரங்கு கட்டிய பாட்ரிக் சகோதரர்கள்.

(தொடரும்)